தொண்ணூற்று நான்கு மில்லி

சுவர் சும்மாதான் நின்றது. பத்தரைக்குள் வந்துவிடும் என்றார்கள், பத்து நாற்பதாகிவிட்டது, சுவர் தன்பாட்டுக்கு எதுவுமே தெரியாத மாதிரி நின்றுகொண்டிருந்தது. அதன்மேல் மங்கையர்க்கரசி முந்தாநாள் சாரத்தில் ஏறித் தன் கையாலேயே போட்ட மஞ்சள் வட்டம், நான்கு ஆள் உயரம், மூன்று விரல் அகலக் கோடு. கோட்டின் உள்விளிம்பு வரப்போகும் இயந்திரத்தின் அளவு, வெளிவிளிம்பு அவள் மானத்தின் அளவு. நிலத்துக்கு இருபத்துநான்கு மீட்டர் கீழே, கூரை இன்னும் முழுசாக மூடாத பள்ளம் இது. கொஞ்ச காலம் போனால் இங்கே நகரும் படிக்கட்டும் டிக்கெட் கவுன்டரும் வந்துவிடும், அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லும் அந்த இனிப்பான குரலும் வந்துவிடும். இப்போதைக்குச் சேறு, ஜெனரேட்டர் சத்தம், தலைக்கு மேலே ஒரு சதுரம் வானம், அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம், மண்ணுக்குள், உடும்பு வந்துகொண்டிருந்தது. அந்தச் சுரங்கம் தோண்டும் இயந்திரத்துக்குக் காகிதத்தில் ஓர் எழுத்தும் ஐந்து இலக்கங்களும்தான் பெயர். பிடித்த மண்ணை விடாததால் உடும்பு என்று வேலையாட்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. போன நிலையத்தில் புறப்பட்டு எட்டு மாதம், ஆயிரத்து நூறு மீட்டர், மணலைத் தின்று, களிமண்ணைத் தின்று, நடுவில் கருங்கல்லில் பல் உடைந்து, பல் மாற்றிக்கொண்டு, மறுபடியும் தின்று. அதற்குக் கண் கிடையாது. கண் மங்கைதான், அளவைப் பொறியாளர், முப்பத்தெட்டு வயசு, காலையிலிருந்து வயிற்றில் ஒரு வாய் காப்பி. அவள் காட்டிய வழியில்தான் அது வந்திருக்கிறது, அவள் போட்ட வட்டத்துக்குள்தான் அது வெளியே வர வேண்டும். வட்டத்துக்குள் சுவரில் இரும்புக் கம்பி கிடையாது, உடும்பு தின்றுகொள்ளட்டும் என்று முன்கூட்டியே யோசித்துக் கட்டியது. வட்டத்துக்கு வெளியே பெருவிரல் பருமனில் கம்பி. மூன்று விரலுக்குமேல் தள்ளி வந்தால் பல் கம்பியில் மாட்டும், மாட்டினால் மாதக்கணக்கில் வேலை நிற்கும், அப்புறம் இந்த ஊரில் எந்தச் சுரங்கத்திலும் அவளை யாரும் கருவியைத் தொட விடமாட்டார்கள். தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று நான்கு என்று உள்ளே ஒன்று முனகிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ரங்கபாஷ்யம், இந்தப் பகுதி வேலைக்கே தலைவர், “ஏன் இப்படித் தவிக்கறீங்க மங்கை, பொறுமையா இருங்கோ” என்றார். சொல்லிவிட்டுத் தன் கட்டைவிரல் நகத்தைக் கடித்தார்.

பொறுமையாம். அவள் அப்பா மாசிலாமணிக்கும் அந்தச் சொல் ஆகாது. மாநகரப் பேருந்தில் முப்பது வருஷம் ஓட்டுநர், ஒருநாள்கூட நிறுத்தத்தில் நிறுத்தாதவர். நிறுத்தத்துக்கு இரண்டு பஸ் நீளம் தள்ளித்தான் அவருக்கு பிரேக் பிடிக்கும், ஜனங்கள் பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள், ஓடி வந்து ஏறித் திட்டுவார்கள், “நான் கரெக்டாத்தான் நிறுத்துனேன், ஸ்டாப்பைத்தான் தப்பா நட்டு வச்சிருக்கானுங்க” என்பார் அவர். பள்ளிக்கூடச் சீருடையில் சொந்த அப்பாவின் பஸ்ஸைப் பிடிக்க மூச்சிரைக்க ஓடியிருக்கிறாள் மங்கை. அந்த அப்பாவின் அப்பா டிராமில் தொங்கிக்கொண்டு போனவர், டிராமை நிறுத்தியபோது ஊரே பாழாய்ப் போச்சு என்றாராம். அப்பாவோ மெட்ரோவுக்காக ரோட்டைத் தோண்டியபோது ஊரே பாழாய்ப் போச்சு என்றார். ஊரும் பாவம், அதுபாட்டுக்குப் பாழாகிக்கொண்டே வளர்கிறது. முதன்முதலில் நீலத் தகரத் தடுப்புகள் முளைத்த வருஷம் அவளுக்கு இருபத்திரண்டு, படிப்பு முடித்த கையோடு அளவுகோல் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தகரத்துக்கு உள்ளே மகள், வெளியே நெரிசலில் சிக்கிய பஸ்ஸில் அப்பா, ராத்திரிச் சோற்றுத் தட்டின்முன் இரண்டு பேருக்கும் அதே சண்டை. “ரோட்டுக்கு மேல நான் நிக்கறேன், ரோட்டுக்குக் கீழ நீ நோண்டறே, வெளங்கிடும்” என்பார். பிறகு தூண்மேல் முதல் ரயில் ஓடியது, ஊர் மொத்தமும் குடும்பத்தோடு ஏறி வேடிக்கை பார்த்தது. இரண்டு வருஷத்தில் மண்ணுக்குள்ளும் ஓடியது. அன்றைக்கு அப்பாவைக் கூட்டிப் போனாள். ஓய்வுபெற்ற மனுஷர், ஜன்னலுக்கு வெளியே கறுப்புச் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, “இப்ப மேல ஈகா தியேட்டரு” என்றார். வண்டி வளைந்த வளைவை வைத்தே சொல்லிவிட்டார். அவள் பையிலிருந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள், ஈகா தியேட்டர்தான். அதற்கப்புறம் அவர் மெட்ரோவைத் திட்டவில்லை, அவளைத்தான் திட்டினார், எங்கள் பக்கம் எப்போது வரும் என்று. ஒரு கோடு இரண்டானது, வடக்கே விம்கோ நகர்வரை நீண்டது, இப்போது இன்னும் மூன்று கோடுகள், ஊருக்குக் கீழே உடும்புக் கூட்டமே நடமாடுகிறது. இந்த உடும்பு இன்னும் வரவில்லை. பத்து நாற்பத்தாறு.

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடுதான், அந்தப் பாழாய்ப்போன சூடுதான். தப்பு அவளுடையது, இதில் யாரையும் இழுக்க முடியாது. சுரங்கத்துக்குள் வழி காட்டுவதென்றால், உடும்பு தனக்குப் பின்னால் கான்கிரீட் வளையங்களாக அடுக்கிக்கொண்டு போகும் சுவரில் வரிசையாகத் தாங்கிகளை அடித்து, ஒன்றில் கருவியை வைத்து அடுத்ததைப் பார்த்து, அடுத்ததில் வைத்து அதற்கடுத்ததைப் பார்த்து, கையைக் கோத்துக்கொண்டு இருட்டில் போகும் பிள்ளைகள் மாதிரி போக வேண்டும். தாங்கிகளை எந்தச் சுவரில் அடிப்பது என்று கேட்டார்கள். இடப்பக்கம் நடைபாதை, ஆள் போகவர முழங்கையால் இடிப்பார்கள், வலப்பக்கமே அடியுங்கள் என்றாள். எல்லாமே வலப்பக்கம். எட்டு மாதத்தில் ஆறு மாதம் அப்படியே போனது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவளுக்கு வந்திருக்க வேண்டும். ஒருநாள் டீ வந்தது. கப்பைக் கீழே வைக்க இடமில்லாமல் சுவரில் ஒரு கையை ஊன்றினாள். சுவர் சுட்டது. உடும்பைக் குளிரவைத்துவிட்டுத் திரும்பும் வெந்நீர்க் குழாய் வலச் சுவரோரம்தான் ஓடுகிறது, எத்தனை தடவை அதைத் தாண்டி நடந்திருப்பாள். ஊன்றிய கையை எடுக்காமலேயே நின்றாள், டீ ஆறியது, மண்டைக்குள் மே மாத வெயில் அடித்தது. பன்னிரண்டு வயசு, அப்பா பஸ்ஸில் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள், பிருஷ்டம் வேகிறது, எதிரே தாரின்மேல் தண்ணீர் பளபளக்கிறது. “அப்பா, ரோட்ல தண்ணி!” “தண்ணி இல்லமா, வெயிலு ஏமாத்துது. அத்த நம்பி பிரேக்க போட்டேன்னு வை, பின்னால வர்றவன் நம்ம மேல ஏறிடுவான்.” கானல். சூடான தரையை ஒட்டி வரும் வெளிச்சம் வளைந்து வரும், இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டும். ரோட்டில் படுத்திருந்த கானல் இங்கே சுவரில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அவள் பார்த்த ஒவ்வொரு பார்வையும் அந்தச் சுவரை ஒட்டியே போயிருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஒரு மயிரிழை வளைந்திருக்கிறது, மயிரிழைமேல் மயிரிழையாக, தொண்ணூற்று நான்கு மில்லி. உடும்பு இடப்பக்கம் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. கருவியோ எல்லாம் சரி, எல்லாம் சரி என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அன்று வந்த பயம் மாதிரி ஒரு பயம் அதற்குமுன் வந்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

யாரிடமும் சொல்லாமல் மூன்று ஞாயிற்றுக்கிழமை, உடும்பு பராமரிப்புக்காக நிற்கும் நாட்களில், தனியாக அளந்தாள். வலச் சுவரிலிருந்து இடச் சுவர், இடத்திலிருந்து வலம், குறுக்காகப் போனால் சூடு ஒரு தடவை இப்படி இழுக்கும், ஒரு தடவை அப்படி இழுக்கும், சரியாகிவிடும். மூன்று தடவையும் அதே எண். சொல்லாமலே இருந்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது, வரவில்லை என்று பொய் சொல்வானேன். வந்தது, இரண்டு நாள் இருந்தது, போய்விட்டது. ரங்கபாஷ்யம் அறையில் ஏ.சி. கடகடவென்று சத்தம் போட்டது. “தொண்ணூத்தி நாலா? யாரோட தப்பு?” என்றார். கருவி, காற்று, வெந்நீர்க் குழாயைப் போட்டவன் என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்திருப்பார். “என்னோடது சார்” என்றாள். அவர் பேனாவை மூடினார், திறந்தார். “இப்ப சொல்றது மட்டும் சரின்னு என்ன நிச்சயம்?” “மூணு தடவ அளந்தேன் சார். மூணும் ஒண்ணுதான்.” “வெளியிலேருந்து ஒருத்தரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமே?” “அவங்க வர்றதுக்குள்ள உடும்பு பாதி தூரம் போயிடும் சார். இப்பத் திருப்பினா இருநூத்தி அறுபது மீட்டர் இருக்கு. ஒரு வளையத்துக்கு அரை மில்லி திருப்பினாப் போதும், அதுக்கே தெரியாது.” அவர் ஒரு தாளை நகர்த்தினார். “எழுதுங்கோ. கீழ உங்க கையெழுத்து. உங்களோடது மட்டும்.” மோசமான மனுஷர் இல்லை, ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கும் மனுஷர். எழுதினாள். வலப்பக்கம் தொண்ணூற்று நான்கு மில்லி திருப்பவும். அன்று மாலையே உள்ளே போய்ச் சொன்னபோது மேஸ்திரி சுயம்பு அவளை ஒரு பார்வை பார்த்தார். மலைக்குள் மின்சாரத்துக்காகச் சுரங்கம் வெட்டி வெட்டியே தலை நரைத்தவர், நாகர்கோவில்காரர். உடும்பு புறப்பட்ட நாள் பூஜையில், “கோச்சுக்காதிய மேடம், சுரங்கத்துக்குள்ள பொம்பள காலு வச்சா மலை பொறுக்காதுன்னு எங்க ஆளுவ சொல்லுவாவ” என்று அவளை ஏணிப்பக்கம் நிறுத்திவைத்தவர். “மேல இருக்கறது மலை இல்லண்ணே, மாவு மில்லு” என்றாள் அவள். சுயம்பு சிரித்தார், ஆனால் அன்றிலிருந்து அவள் உள்ளே கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் வாசலில் ஓர் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். எட்டு மாதம், எத்தனை எலுமிச்சம்பழம், கோயம்பேட்டில் விலை ஏறியிருந்தால் அதற்கு அவளும் ஒரு காரணம். பழத்தை நசுக்கட்டும், அது போகட்டும். ஆனால் உடும்பு இன்று வட்டத்தை விட்டு விலகி வந்தால் அந்தப் பேச்சு உண்மையாகிவிடும். கானல் என்று யார் சொல்வார்கள். பொம்பளை உள்ளே போனாள், வழி தப்பியது என்பார்கள், இவளுக்குப் பின்னால் கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்போகும் ஒவ்வொருத்தியையும் ஏணிப்பக்கம் நிறுத்துவார்கள்.

சுவர் லேசாக அதிர்ந்தது. பூட்ஸ் வழியாக முழங்காலுக்கு ஏறியது, பல்லில் கூசியது. “வந்துட்டான்” என்று யாரோ கத்தினார்கள். பார்வையாளர் பந்தலில் இருந்தவர்கள் எழுந்தார்கள், பூசணிக்காய்மேல் கற்பூரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் தயாரானார். மங்கை வட்டத்தின் வலப்பக்கத்தைப் பார்த்தாள். வலப்பக்கம்தானே திருப்பினோம், வலப்பக்கம். அப்போதுதான் உறைத்தது. அவள் உடும்புக்கு எதிரே நிற்கிறாள். அதன் வலம் அவளுக்கு இடம். தெரிந்த விஷயம்தான், சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கண்ணாடி முன்னால் தலை சீவுகிறவருக்கெல்லாம் தெரியும், ஆனால் அன்றைக்கு அந்தத் தாளில் எழுதும்போது அவள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்? வரைபடம் மேஜையில் எப்படிக் கிடந்தது? ரங்கபாஷ்யம் பக்கமாகவா, அவள் பக்கமாகவா? கூட்டலுக்குப் பதில் கழித்தலைப் போட்டிருந்தால் தொண்ணூற்று நான்கு போய் நூற்று எண்பத்தெட்டு. ஒரு சாணுக்குக் கிட்டே. இல்லை, அதற்கப்புறம் பதினேழு தடவை அளந்திருக்கிறாள், பதினேழு தடவையும் நெருங்கி நெருங்கி வந்தது, நேற்றுச் சாயங்காலம்கூட. பதினேழு தடவை அளந்தவளும் நீதான், ஆறு மாதம் பச்சை விளக்கை நம்பியவளும் நீதான் என்றது அந்த முனகல். வலது கையை எடுத்துப் பார்த்தாள், சோறு சாப்பிடும் கை, அதை மெதுவாக உடும்பு வரும் திசைக்குத் திருப்பி, தானே உடும்பாகி, தானே சுவரைத் துளைத்து வெளியே வருகிற மாதிரி உடம்பைத் திருப்பிப் பார்த்தாள். ரங்கபாஷ்யம் அவளைக் கவலையோடு பார்த்தார். பார்க்கட்டும். மேலே மாவு மில்லில் இந்நேரம் யாரோ கோதுமையைக் கொட்டிக்கொண்டிருப்பார்கள், டியூஷன் சென்டரில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள், கல்யாண மண்டபத்தில் வாழை மரத்தைக் கட்டிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் காலடியில் உடும்பு போனதே அவர்களுக்குத் தெரியாது, ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தளும்பவில்லை, அந்த மட்டும் அவள் ஜெயித்திருக்கிறாள். இன்னும் ஒரு சுவர்தான் பாக்கி.

வட்டத்தின் நடுவில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அது இரண்டாகி, கிளைவிட்டு, ஒரு தேங்காய் மூடி அளவு சிமென்ட் பொத்தென்று விழுந்தது. பிறகு கதவளவு, பிறகு அறையளவு. புழுதி எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது, சத்தம் மட்டும் இருந்தது, அரைக்கும் சத்தம், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கம்பி மாட்டும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கம்பி மாட்டினால் கிறீச்சென்று ஒரு அலறல் வரும், வரவில்லை, வரவே இல்லை, அரைத்துக்கொண்டே இருந்தது, அப்புறம் சுழற்சி மெதுவாகி நின்றது. தண்ணீரைப் பீய்ச்சினார்கள். புழுதி அடங்கியது. கீழிருந்து மேலாக ஒவ்வொரு சாணாகத் தெரிய ஆரம்பித்தது உடும்பின் முகம், சேறும் ஈரமுமாக, எட்டு மாதம் வெளிச்சமே பார்க்காத முகம். அதைச் சுற்றி மஞ்சள். கீழே மஞ்சள், இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் மஞ்சள், அவள் கழுத்தை வளைத்து மேலே பார்த்தாள், மேலேயும் மஞ்சள். ஓர் இடத்தில்கூட அறுபடவில்லை. உடும்பு பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றது. பந்தலில் கைதட்டல், பட்டாசு, பூசணிக்காய் உடைந்தது, ரங்கபாஷ்யம் ஏதோ கத்திக்கொண்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். கையை உருவிக்கொண்டு ஓடினாள். ஏணியில் ஏறி அளவுநாடாவை வைத்துப் பார்த்தாள், இன்னொரு தடவை வைத்தாள். பதினொன்று. பதினொரு மில்லி. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

உடும்பின் முகத்தில் இருந்த சின்னக் கதவு திறந்தது. வழக்கப்படி முதலில் வெளியே வருகிறவருக்குத்தான் மாலை, மாலையோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். சுயம்பு தலையை நீட்டினார், சேறு பூசிய முகத்தில் கண் மட்டும் வெள்ளை. வெளியே வரவில்லை. மஞ்சள் கோட்டைச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தார். ஏணியில் நின்றவளைப் பார்த்தார். “அங்கன நின்னு என்ன பாக்கிய மேடம்? உள்ள வாங்க. சுரங்கத்துக்க அந்தத் தலைக்கு நடந்து போயிட்டு வருவோம். ஒங்க வழிதான?” என்றார். மாலைக்காரர்கள் முழித்தார்கள். அவள் இறங்கி வந்து, கதவுக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள், பழக்கதோஷம், எலுமிச்சம்பழம் நசுங்கட்டும் என்று நின்றாள். சுயம்பு மேல்பையிலிருந்து பழத்தை எடுத்தார். காலடியில் வைக்கவில்லை, அவள் கையில் கொடுத்தார். “ஜூஸ் போட்டுக் குடிங்க, வெயில் ஜாஸ்தி” என்றார்.

கதவுக்குள் ஒரு காலை வைத்தபோது போன் அடித்தது. அப்பா. “இன்னா மங்க, வந்துச்சா உன் உடும்பு?” “வந்துடுச்சுப்பா.” “கரெக்டா வந்துச்சா? எவ்ளோ தள்ளி?” “பதினோரு மில்லி.” “அப்படின்னா?” “உன் சுண்டுவிரல் அகலம்கூட இல்லப்பா. ஒரு கிலோமீட்டருக்கு மேல கண்ண மூடிக்கினு வந்து, சுண்டுவிரல் அகலம்கூட இல்ல.” அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “முப்பது வருசம்” என்றார் மாசிலாமணி. “முப்பது வருசம் ஓட்டுனேன் மங்க, கண்ணத் தொறந்துக்கினு, பட்டப்பகல்ல. ஒருநாள்கூட நான் ஸ்டாப்புல நிறுத்துனதில்ல.” அவர் வாயிலிருந்து அது வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. சுரங்கத்துக்குள் நின்று வாய்விட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு வளையம் வளையமாக ஓடி, ஆயிரத்து நூறு மீட்டர் தள்ளி மறுமுனை வரைக்கும் போயிருக்கும். “இப்பவாவது ஒத்துக்கினியே” என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு, சுயம்புவுக்கு முன்னால் நடந்தாள்.